வயிற்றுப்பக்கம் லூசாக ஒரு கவுன்

எங்கள் ஊரில் வெயிலுக்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயில் என்பது தினமும் காலையில் வந்து, மத்தியானம் எரித்துவிட்டு, சாயங்கால மழையில் கரைந்துபோகிற ஒன்று. தமிழ்ப்பள்ளியில் இளவேனில், முதுவேனில், கார் என்று பருவங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் வாழ வந்த பிறகுதான் கோடை என்பது ஒரு சொல் மட்டுமல்ல என்று தெரிந்தது. கத்திரி வெயில் தொடங்கப்போவதைப் பற்றி இங்கே சம்பந்தி வீட்டார் வரப்போவதைப்போல் பேசுகிறார்கள். எப்போது வருகிறது, எத்தனை நாள் தங்கும், இந்த முறை என்ன பாடு படுத்தும் என்று தெருக்குழாயடியில் ஒரே பேச்சு. முதல் வருடம் கத்திரி என்பது யாரோ விருந்தாளி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் சேகர் இந்த ஊர்க்காரர். வேலைக்காகப் பினாங்குக்கு வந்தவரை அங்கேதான் மணந்துகொண்டேன். அவருடைய அப்பா படுத்த படுக்கையானபோது இங்கே வந்தோம். அப்பா போன பிறகும் திரும்பவில்லை. நிலம் இருந்தது, மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை ஒன்று நன்றாக ஓடத் தொடங்கிவிட்டது, அத்தையைத் தனியே விட மனமில்லை. அத்தை என்றால் என் மாமியார். அதே வீட்டில் கொழுந்தன் குடும்பமும் இருக்கிறது. கொழுந்தனின் மனைவி தேவகி, தொடக்கப்பள்ளி ஆசிரியை. என்னைவிடப் பத்து வயது சிறியவள், ஸ்கூட்டரில் பறப்பவள்.

நானும் தமிழ், அவர்களும் தமிழ். ஆனால் வந்த முதல் வாரமே பேச்சு முட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் காலை உணவு சாப்பிட்டாயிற்றா என்பதைப் ‘பசியாறியாச்சா’ என்று கேட்போம். அத்தையிடம் மரியாதையாக அப்படித்தான் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. “பசி ஆறிச்சான்னு கேக்குற? நான் இன்னா பட்டினியா கீறேன் இந்த வூட்ல?” என்றார். நாஷ்டா துன்னீங்களா என்று கேட்டிருக்க வேண்டுமாம். அன்று முதல் நான் வாயைத் திறக்குமுன் ஒருமுறை மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளத் தொடங்கினேன், தமிழிலிருந்து தமிழுக்கு. தெருவில் என் பெயர் விமலா இல்லை, ‘மலேசியாக்காரி’. அதில் பகை ஏதும் இல்லை. ஒரு தள்ளிவைப்பு மட்டும் இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். யாரும் ஒரு குறை சொன்னதில்லை; யாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமில்லை.

இந்த வருடம் அம்மாவுக்கு எழுபது வயது. போகமுடியாத நிலை. நடவு, கடை, டிக்கெட், எல்லாம் சேர்ந்து இடித்தது. தங்கை மாலாதான் ஒரு யோசனை சொன்னாள். சின்ன வயதில் தீபாவளிக்கு அம்மா ஒரே துணியை வாங்கி எங்கள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கவுன் தைப்பார். அக்கா புஷ்பாவுக்கு முதலில் வெட்டுவார், கடைசியாக மாலாவுக்கு. நடுவில் நான். எனக்கு வெட்டும்போது மட்டும் கணக்கு எங்கேயோ தவறி, கை ஒரு விரற்கடை குறைந்துவிடும். “நடுப்பிள்ளைக்கு அப்படித்தான்” என்று சிரிப்பார். இப்போது மூவரும் அவரவர் வீட்டில், ஒரே மாதிரிக் கவுனைத் தாங்களே தைத்து அம்மாவின் பிறந்தநாளில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் மட்டும் வீடியோ காலில் நிற்க வேண்டும். மாலாவே இணையத்தில் ஒரு சம்மர் டிரஸ்ஸின் பேட்டர்னை விலைக்கு வாங்கி எனக்கும் அக்காவுக்கும் அனுப்பினாள். கையில்லாதது, முழங்காலுக்குக் கீழே வரை இறங்குவது, மார்புக்குக் கீழே சுருக்கு வைத்து அங்கிருந்து தளர விடுவது, இரண்டு பக்கமும் பாக்கெட். கோடையே இல்லாத நாட்டிலிருந்து, கோடையைத் தவிர வேறெதையும் பேசாத ஊருக்கு ஒரு கோடை உடுப்பு.

பேட்டர்ன் என்பது கவுனின் ஒவ்வொரு துண்டையும் உண்மையான அளவில் வரைந்த படம். சாதாரண அளவுத் தாள்களில் அச்சடித்து, ஓரங்களை ஒட்டி, பெரிய தாளாக்கி, அதை வெட்டித் துணிமேல் வைக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் ஒவ்வொரு தாளாக வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், வூடு கட்றீங்களா? பிளான் மாரி கீது” என்றார். இல்லை, கவுன் என்றேன். “கவுனுக்கு இம்மாம் பெரிய பிளானா?” வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் எல்லாம் சிறுத்திருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று அவர் படத்தைச் சுருக்கி அடித்துக் கொடுத்திருந்தார். அந்த அளவில் தைத்தால் பொம்மைக்குத்தான் போடலாம். மறுநாள் போய், சுருக்காமல் அடியுங்கள் என்றேன். “சுருக்கா அடிக்கக் கூடாதா? அப்ப மெதுவாவே அடிக்கிறேன், சாயங்காலமா வாங்க” என்றார். அவர் அறிந்த ‘சுருக்கா’வுக்கு ‘சீக்கிரமாக’ என்று பொருள். நானும் பேசாமல் சாயங்காலம் வரை காத்திருந்தேன். விளக்கினால் இன்னும் சிக்கலாகும் என்று பயம்.

துணி வாங்கத் தேவகியின் ஸ்கூட்டரில் பஜாருக்குப் போனோம். பாய் கடை பழைய கடை. அவரே துணியை எடுத்துப் போட்டு, விரலால் தேய்த்துக் காட்டுவார். எனக்கு மெல்லிய பருத்தி வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். எனக்குத்தான் என்றேன்.

“சுடிதாராம்மா?”

“இல்லை பாய், கவுன். வயித்துப்பக்கம் நல்லா லூசா வரணும். வெயில் ஆரம்பிக்கறதுக்குள்ள தச்சாகணும். அப்புறம் உடம்பு தாங்காது.”

பாய் என்னைப் பார்த்தார், பிறகு தேவகியைப் பார்த்தார். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், இன்னும் மிருதுவான, நீலக் கட்டம் போட்ட ஒரு துணிச்சுருளைக் கொண்டுவந்தார். “இத எடுத்துக்கம்மா. உறுத்தாது. இன்ஷா அல்லா, எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்றார். ஒரு கவுன் தைப்பதற்கு ஆண்டவனைக் கூப்பிடுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். கேட்டதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டிக் கொடுத்தார். திரும்பும்போது இன்னொரு ஆச்சரியம். வேகத்தடைகளை மதிக்காத தேவகி, ஒவ்வொரு தடைக்கும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, “பிடிச்சிக்கோங்கக்கா” என்று சொல்லிச் சொல்லி ஏற்றி இறக்கினாள்.

மறுநாள் காலையில் தெருக்குழாய்க்குப் போகக் குடத்தை எடுத்தேன். அத்தை வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “நீ ஒக்காரு. தண்ணி நான் எடுத்தாறேன்.” முட்டிவலிக்காரர் அவர். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அன்று மதியம் என் தட்டில் இரண்டாவது கரண்டி கீரை விழுந்தது. அதற்கடுத்த நாள் அத்தை மாகறல் கோயிலுக்குப் போய்வந்து, நான் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே என் நெற்றியில் திருநீறு பூசி, உச்சந்தலையில் கையை வைத்தார். மூன்று வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. காரணம் கேட்டால் கையை எடுத்துவிடுவாரோ என்று இருந்தது.

கூடத்தில் துணியை விரித்து, தாள் துண்டுகளைக் குண்டூசியால் குத்தி, வெட்டத் தொடங்கினேன். வாய் வறளாமலிருக்க அக்கா அனுப்பியிருந்த அசாம் போயை ஒதுக்கிக்கொள்வேன். உப்பும் புளிப்புமாக உலர்த்திய பிளம் பழம் அது. எங்கள் ஊரில் பள்ளிப்பிள்ளைகள்கூடப் பையில் வைத்திருப்பார்கள். அத்தை நான் சப்புவதைக் கவனித்தார். “இன்னா அது?” புளிப்பு மிட்டாய் மாதிரி அத்தை என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் ஒரு மடி நிறைய மாங்காய் வந்தது, உப்பும் மிளகாய்த்தூளும் தனிக் கிண்ணத்தில்.

வீட்டிலிருந்த தையல் மெஷின் தேவகிக்குச் சீர்வரிசையில் வந்தது; காலால் மிதிப்பது. நான் உட்கார்ந்ததும் அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தார். “மெஷின்லாம் மிதிக்காத. தேவகி, நீ மிதி. அவ பக்கத்துல குந்திக்கினு சொல்லட்டும்.” பள்ளி விட்டு வந்த களைப்போடு தேவகி உட்கார்ந்தாள். நான் பேட்டர்னில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல, அவள் தைத்தாள். முன்துண்டும் பின்துண்டும் தோளில் சேர்ந்தன. சுருக்கு வைக்கும்போது நூல் அறுந்து அறுந்து போனது. இருவரும் சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினோம். நடுநடுவே பள்ளிக் கதை சொன்னாள், தன் கல்யாணத்தன்று அழுத கதையைச் சொன்னாள். எனக்கு இந்த ஊரில் ஒரு தங்கை கிடைத்துவிட்டாள் என்றே தோன்றியது. “என்ன ஆச்சு இவங்களுக்கெல்லாம்?” என்று சேகரிடம் கேட்டேன். “வயசாவுது இல்ல, மனசு இளகியிருக்கும்” என்றார். அது சரியாகப் படவில்லை. தேவகிக்கு என்ன வயசாகிறது?

இதைக் கிள்ளானிலும் தைப்பிங்கிலும் இருந்து படிக்கிறவர்களுக்கு, என்னைப்போல வேறெங்கோ போய் வாழ்கிறவர்களுக்கு, ஒன்று தெரிந்திருக்கும். புது இடத்தில் ஒருவர் அன்பு காட்டினால் நாம் அதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கிடைத்ததே போதும் என்று போர்த்திக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் அந்த நாட்களைப் போர்த்திக்கொண்டேன்.

கவுன் முக்கால்வாசி முடிந்த அன்று, போட்டுப் பார்க்கச் சொன்னாள் தேவகி. அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக்கொண்டேன். அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள். கண்ணாடியில் பார்த்தபோது பக்கவாட்டில் தொளதொளவென்று இருந்தது.

“தேவகி, இங்க இன்னும் கொஞ்சம் பிடிச்சிடலாம். ரொம்ப லூசா இருக்கு.”

ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். “இருக்கட்டும்க்கா. இன்னும் ரெண்டு மாசம் போனா சரியா பூடும்.”

“அத்தை போடற சாப்பாட்டுல நான் குண்டாயிடுவேன்னு சொல்றியா?” என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எத்தினி மாசம்க்கா?” என்றாள்.

இந்த ஊருக்கு வந்ததைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். “மாசமா? மூணு வருஷம் ஆகப்போகுதே.”

தேவகி குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். அடுத்து, சொல்லிப் பயனில்லை என்பதுபோல, கையை நீட்டி என் வயிற்றின்மேல் வைத்தாள். நீலக்கட்டச் சுருக்குகளுக்கு மேலே, மிக மெதுவாக.

பினாங்கு மருத்துவமனையில் ஒரு படுக்கை. நான்காவது மாதத்தோடு முடிந்துபோன ஒன்று. ‘சபார், காக்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மலாய்த் தாதி. பொறுமையாயிரு அக்கா என்று பொருள். அதன் பிறகு சிகிச்சைகள், பிறகு சிகிச்சையும் வேண்டாம் என்று நாங்கள் இருவரும் எடுத்த முடிவு. அதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு கை பட்டதும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“இல்ல தேவகி,” என்றேன். “அப்படி ஒண்ணும் இல்ல.”

கை உடனே விலகவில்லை. “அப்பறம் ஏன்க்கா பாய் கடையில வயித்துப்பக்கம் லூசா வேணும்னீங்க? உடம்பு தாங்காதுன்னீங்க?”

“வெயில் தாங்காதுன்னு சொன்னேன். டிசைனே அப்படித்தான்.”

“அந்தப் புளிப்பு?”

“அது சும்மா. நாங்க சின்ன வயசிலேருந்து சாப்பிடறது.”

தேவகி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மின்னாடி ஒரு தபா தவறிப்போச்சுன்னு சேகர் மாமா எப்பவோ சொல்லிகீறாரு. அதான் கண்ணு பட்டுடும், யாரும் வாயத் தொறக்கக் கூடாது, அவளா சொல்லட்டும்னு அத்தை எல்லாரையும் அடக்கி வச்சிருந்தாங்க.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவங்ககிட்ட யாருக்கா சொல்றது?”

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்பட வேண்டுமா என்பதும் தெரியவில்லை. அந்தக் கீரை, அந்தத் திருநீறு, தலையில் வைத்த கை, எதுவும் எனக்கு வந்ததில்லை. எனக்குள் இல்லாத ஒருவருக்கு வந்தது. நான் வெறும் விலாசம். அப்படியென்றால் தேவகி சொன்ன கல்யாணக் கதையும் அந்த விலாசத்துக்குத்தானா? கவுனைக் கழற்றிப் புடவையைச் சுற்றிக்கொண்டு நானே போனேன்.

அத்தை பின்கட்டில் அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். எந்தத் தமிழில் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினேன். “அத்தை, நீங்க நினைக்கிற மாதிரி எனக்கு ஒண்ணும் இல்ல. நான் முழுகாம இல்ல. அது சும்மா கவுன்.”

கை நிற்கவில்லை. ஒரு புளி, ஒரு கொட்டை. இன்னொரு புளி. “டாக்டராண்ட போய்ப் பாத்தியா?”

“பாக்க வேண்டியதில்ல அத்தை. எனக்குத் தெரியும்.”

“சரி,” என்றார். கொட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, “இல்லன்னா இல்ல. அதுக்கு இன்னா இப்போ?” என்றார். நான் எழுந்தபோது தலையைத் தூக்காமல் மேலும் ஒன்று சொன்னார்: “நாளிக்கி தண்ணி நீ எடுத்தாந்துடு.”

அந்த வார்த்தையை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாரா? அல்லது, போனால் போகட்டும், நீ பழையபடி இந்த வீட்டுப் பெண்தான் என்றாரா? சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே போய், நிறுத்தி வைத்திருந்த பைக்கைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அத்தையும் இன்னொரு குடத்தோடு பின்னால் வந்தார். குழாயடியில் எதிர்வீட்டு அம்மாள், “இன்னா, மருமவளத் தண்ணி தூக்க வுட்டுட்ட? இத்தினி நாளா உள்ளயே வச்சிக்கினு இருந்தியே?” என்று கேட்டார். என் காது சிவந்தது. அத்தை குழாயைத் திறந்தார். “அவ கை இன்னா வெல்லமா, தண்ணி பட்டா கரஞ்சி பூடறதுக்கு?” என்றார். அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மாளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, தன் ஏமாற்றத்தை மறைத்தாரா, அல்லது வெறுமனே குடத்துக்குத் தண்ணீர் பிடித்தாரா? அவரும் சொல்லவில்லை. கேட்கும் தமிழ் என்னிடமும் இல்லை.

கவுனின் மிச்சத்தை நானே மிதித்து முடித்தேன். யாரும் தடுக்கவில்லை. கீழோரம் மடித்து அடிக்கும்போது தேவகி வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கோணுதுக்கா, தள்ளுங்க” என்று அவளே உட்கார்ந்துகொண்டாள். ஸ்கூட்டரில் மறுபடி பறக்கிறாள், என்னைப் பின்னால் வைத்துக்கொண்டே. அது எதற்கு அடையாளம் என்று நான் யோசிப்பதை விட்டுவிட முயன்றுகொண்டிருக்கிறேன்.

அம்மாவின் பிறந்தநாளன்று மதியம் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு கவுனைப் போட்டேன். பிறகு போனை ஜன்னல் கம்பியில் சாய்த்தேன். அங்கே கேக் வெட்டத் தயாராக இருந்தார்கள். அக்கா பூப்போட்ட பாத்தேக் துணியில் தைத்திருந்தாள், மாலா வெள்ளையில். மூன்று கவுனும் ஒரே மாதிரிதான், ஆனால் அதே கவுன் அவர்கள் மேல் உடையாகவும் என்மேல் வேஷமாகவும் தெரிந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைத் தொட்டார். “நடுவுள்ளவளுக்குத்தான் நல்லா உட்காந்திருக்கு” என்றார். அக்காவும் மாலாவும் எங்கள் ஊர் ‘லா’ போட்டுக் கத்தினார்கள்: “எழுந்து நில்லு லா! சுத்திக் காட்டு லா!”

எழுந்தபோது வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். அத்தையின் தங்கை ஐயங்கார்குளத்திலிருந்து வந்திருந்தார். அவரிடம் மட்டும் நான் முழுகாமல் இருப்பதாக அத்தை முன்பே சொல்லியிருந்தார், இல்லையென்று பிறகு சொல்லவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. “எங்க எம் பொண்ணு? பலாப்பழம் எடுத்தாந்துகீறேன். அவள ஏன் எழுப்பற, நானே உள்ள போய்ப் பாக்குறேன்.”

“நீ ஒக்காரு,” என்றது அத்தையின் குரல். “அவளே வருவா. விமலா...!”

கையில்லாத கவுனோடு வெளியே போக முடியாது. ஆணியில் தொங்கிய நைட்டியை எடுத்துக் கவுனுக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். தோளில் ஒரு துண்டு. கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே மடிந்த சுருக்குகள் எல்லாம் வயிற்றில் திரண்டு, நைட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றன. கையால் அமுக்கினேன், அமுங்கவில்லை. திரையில் அக்கா, “அய்யோ, என்ன லா இது, மூட்டை மாதிரி?” என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. போனை அக்கா கையிலிருந்து வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டு கேட்டார், “நீ எப்பம்மா வர்ற?”

கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை மறுபடி கூப்பிட்டார்.

போனை எடுத்துக்கொண்டு கதவருகே போய், “வரேன்,” என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. “வரட்டும், வரட்டும், மெதுவா வரட்டும்” என்றது வெளியே சின்ன அத்தையின் குரல். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு கை தாழ்ப்பாளில் இருந்தது. இன்னொரு கையில் அம்மா, இன்னும் போனை அணைக்காமல், நான் வந்துகொண்டிருப்பதைப்போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.